பதினான்காம் எண் வீடு

ரோட்டர்டாமிலிருந்து வந்த படிவத்தில்
நாற்பத்தொரு கேள்விகள்.
என் நாட்டுக்கு மதிப்பெண் போட
எனக்குப் பன்னிரண்டு நாள், எண்ணூறு யூரோ.
நீதிமன்றம் எப்படி, சுங்கச்சாவடி எப்படி,
வங்கிக்கு முதலாளி யார், அவருக்குப் பின்னால் யார்,
அவருக்கும் பின்னால் ஒரு தீவு இருக்கிறதா.
ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்,
கட்டத்துக்குள் ஒன்று முதல் ஐந்து வரை.
'தெரியும், சொல்ல முடியாது' என்பதற்கு
எண் எதுவும் ஒதுக்கவில்லை.

பதிவேட்டில் பத்தொன்பது நிறுவனங்கள்
ஒரே வீட்டில் குடியிருந்தன:
கிஷினாவ், பொத்தானிகா, மூன்றாம் மாடி, எண் பதினான்கு.
நேரில் போய்ப் பார்க்கச் சொல்லி
ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை.
டிராலிபஸ் பிடித்துப் போனேன்.

கதவைத் திறந்தவர் பெயர் தீகோன்.
அதே தடத்தில் முப்பது வருடம் வண்டி ஓட்டியவர்.
நான் யாரென்று கேட்குமுன்
வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று கேட்டார்.
பால்கனி முழுக்க அக்ரூட் காய்கள்,
ஓட்டோடு வெயிலில்.
அடியில் விரித்திருந்தது செய்தித்தாள் என்று நினைத்தேன்.
கடிதங்கள்.
நார்வெல் ஹோல்டிங்ஸுக்கு, டானுப்ரோ டிரேடிங்குக்கு,
சைப்ரஸ் தபால்தலையோடு.
'நல்ல தாள்,' என்றார், 'ஈரத்தை இழுத்துக்கொள்கிறது.
இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை.'

காய்களை ஒதுக்கி ஒன்றைப் படித்தேன்.
நான்கு கோடி டாலர்
கடன் என்ற பெயரில் வந்திருக்கிறது,
ஆறு நாள் தங்கியிருக்கிறது,
கடன் என்ற பெயரிலேயே கிளம்பியிருக்கிறது.
சாப்பிட்ட கை காய்வதற்குள் எழுந்துபோன விருந்தாளி.
இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால்
லிஃப்டையாவது பழுதுபார்த்திருக்கலாம்.

கிளம்பும்போது ஒரு பை காய் கொடுத்தார்.
கேள்வி முப்பத்தெட்டு:
ஆய்வின்போது பரிசு ஏதும் பெற்றீர்களா?
காய்கறிக்கடைத் தராசில் நிறுத்தேன்.
இரண்டு கிலோ நூறு கிராம்.
எழுதினேன்.

இரவில் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
பதினேழாம் நிறுவனம்.
இயக்குநர்: அக்சேனியா கர்னெட்ஸ்.
பிறந்த தேதி என்னுடையது.
கையெழுத்தும் என்னுடையதுதான்,
'அ'வின் வாலை அப்போதெல்லாம் அப்படித்தான் நீட்டுவேன்.

கல்லூரி இரண்டாம் ஆண்டு, நவம்பர்.
விடுதி வாசலில் வாசனைத் தைலம் பூசிய ஒருவன்,
நோட்டரி அலுவலகத்தில் சுடச்சுடத் தேநீர்,
மூன்று இடத்தில் கையெழுத்து, ஐந்நூறு லேய்.
எதற்கென்று கேட்டேனா?
கேட்ட ஞாபகம் இல்லை.
அந்தக் குளிர்காலம் முழுக்கக் கால் நனையவில்லை,
அது ஞாபகம் இருக்கிறது.

யோஸ்ட் மின்னஞ்சல் அனுப்பினான்:
'வெள்ளிக்குள் வேண்டும். விளக்கமெல்லாம் வேண்டாம்,
முதலீட்டாளர்களுக்கு ஒரே ஒரு எண் போதும்.'
நல்லவன். மகள் பிறந்திருக்கிறாள், படம் இணைத்திருந்தான்.

படிவத்தின் மேலேயே வைத்து
காய்களை உடைத்துத் தின்றேன்.
ஒன்றாவது சொத்தையாக இருக்குமென்று எதிர்பார்த்தேன்,
இந்த நாட்டைப் பற்றி எழுத வசதியாக.
எல்லாமே நன்றாக இருந்தன.

நாட்டுக்கு நான்கு போட்டேன்.
அழித்து மூன்று போட்டேன்.
மறுபடி நான்கு.

கேள்வி நாற்பத்தொன்று:
மதிப்பிடுபவருக்கும் மதிப்பிடப்படுபவருக்கும்
தொடர்பு ஏதும் உண்டா?
உண்டு.
ஒரு ஜோடி பூட்ஸ்.
அளவு முப்பத்தேழு.