ஏழாவது ஆள்

இருபத்திரண்டு பக்கம்.
தமிழில்தான் இருக்கிறது,
யாரும் பேசாத தமிழ்.
என்னைப் 'பங்குபற்றுநர்' என்கிறது.
எந்த நேரமும் விலகிக்கொள்ளலாமாம்.
எதிலிருந்து என்று கேட்டேன்.
"மருந்திலிருந்து மட்டும்" என்றார் டொக்டர் அம்மா,
பிந்திப் படித்த தமிழை
மீன்முள் எடுப்பதுபோல் ஒவ்வொன்றாக எடுத்து.

"இது உங்களைச் சுகப்படுத்தும் என்று
நான் சொல்லவில்லை.
எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும்
என்று பார்க்கிற கட்டம்."

பவளராணிக்கு அது கேட்கவில்லை.
புது மருந்து என்பது மட்டும் கேட்டது.
ஆஸ்பத்திரி வாசலிலேயே
பத்திரகாளிக்கு நேர்ந்துவிட்டாள்.

எனக்குக் கேட்டது.
முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில்
ஆழம் அளக்கிற படகின் முனையில் நின்றவன்.
மெஷின் வருமுன் கயிறுதான்.
ஈயக்குண்டை இறக்கி,
ஈர முடிச்சை விரலால் தடவி,
ஒன்பது பாகம், பதினொரு பாகம் என்று கத்துவேன்.
பின்னால் வந்த கப்பல்காரன்
என் முகத்தைப் பார்த்ததில்லை.

ஆழமறியாமல் காலை விடாதே என்பார்கள்.
அறிவதற்கு
யாரோ விட்டிருக்கவேண்டும் என்பதை
ஏனோ சொல்வதில்லை.

"எனக்கு முன்னால் எத்தனை பேர்?"
ஆறு பேர்.
முதல் மூவருக்குக் கொஞ்சம்.
அடுத்த மூவருக்கு இரண்டு மடங்கு.
ஒருவருக்கு வாயெல்லாம் புண்.
ஒருவர் இப்போது இல்லை, நோயால்தான், என்றார்.
பிறகு, "அப்படித்தான் நினைக்கிறோம்" என்று திருத்தினார்.
அந்தத் திருத்தத்துக்காகவே
எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

இரவு கலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் பார்த்தேன்.
கொழும்புக்குப் பதினாறு தடவை.
போக ஏழு மணித்தியாலம், வர ஏழு.
மிச்சம் ஐந்து மாதமென்றால்
அதில் பதினாறு பகல் பஸ்ஸுக்குள்,
கந்தளாய், ஹபரணை, டீசல் மணம்.
மற்றத் தட்டில்
உப்புவெளியில் விடியக் கால் நனைப்பது,
வாய்க்குப் பிடிக்கிற நாட்களில் கீரிமீன் பொரியல்,
நஜிமுதீனோடு கரம்.

"உன்னை எலியாக்கப் பார்க்கிறாங்கள்"
என்றான் நஜிமுதீன், சிவப்புக் காயைக் குறிவைத்தபடி.
எலிக்கு யாரும் இருபத்திரண்டு பக்கம்
வாசித்துக் காட்டுவதில்லை, என்றேன்.
சொன்ன பிறகுதான் தெரிந்தது
எந்தப் பக்கம் நின்று பேசுகிறேன் என்று.

நேற்று பஸ் நிலையத்தில்
பத்திரத்தை மடியில் வைத்துக் கண்ணயர்ந்தேன்.
புள்ளிமான் ஒன்று வந்து
பதினாலாம் பக்கத்து மூலையைத் தின்றுவிட்டது.
குமட்டல், முடி உதிர்தல், மிக அரிதாக...
அதற்குப் பிறகு மானின் வயிற்றில்.
பவளராணி வாய்பொத்திச் சிரித்தாள்.
எத்தனை நாளைக்குப் பிறகு.

கையெழுத்து இன்னும் போடவில்லை.
அவளுக்கு எப்படிச் சொல்வது,
நேர்த்தியில் என் பேரை எடுத்துவிடு,
எட்டாவதாக ஒருவன் வருவான்,
அவன் பேர் எனக்கும் தெரியாது என்று?

அவளோ ரிக்கற்காரனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்
காலை பஸ்ஸில்
எந்தப் பக்கம் வெயில் படாது என்று.

வலப்பக்கம், என்கிறான் அவன்,
நிமிர்ந்து பாராமல்.