பராமரிப்பு நேரம் கோரி மூன்றாவது கடிதம்

ஞாயிறு அதிகாலை மூன்று பன்னிரண்டுக்கு
எட்டெழுத்துப் பெயரோடு ஒரு கோப்பு
எங்கள் அஞ்சல் சர்வரில் வந்து உட்கார்ந்திருக்கிறது.
நான் அதைப் பார்த்தது
பதினோரு வாரம் கழித்து,
புகைபோட்ட மீன் வாசம் போகாத விரல்களோடு.

லியபாயாத் துறைமுக அலுவலகத்தின் நிலவறையில்
துடைப்பங்களுக்குப் பக்கத்து அறை என்னுடையது.
வெளியே பால்டிக் கடல்
உறையலாமா வேண்டாமா என்று
பிப்ரவரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தது.
உள்ளே சர்வரின் விசிறி அதே சுருதியில்.
திருட்டென்றால் சத்தம் கேட்கும் என்று
யார் சொல்லி வைத்தார்களோ எனக்கு.

ஓட்டை என்று சொன்னால்
இல்க்வார்ஸ் குனிந்து தரையைப் பார்ப்பார்.
எங்கள் இயக்குநர். கிரேன் ஓட்டி மேலே வந்தவர்.
அவருக்கு இப்படிச் சொன்னேன்:
வாசலுக்கு ஒருவன் வருகிறான்.
காவலாளி "யார் நீ?" என்கிறான்.
"நான்தான் இந்தக் கட்டடம்" என்கிறான் வந்தவன்.
காவலாளி வணக்கம் வைத்து உள்ளே விடுகிறான்.
அவ்வளவுதான்.
"அப்படியொரு மடையனா?"
மடையனில்லை.
அவனை எழுதியவர்கள் எங்கேயோ ஒரு வரியில்
அடுத்த கேள்வியை எழுத மறந்துவிட்டார்கள்.

திருத்தம் நவம்பரிலேயே வந்துவிட்டது.
போடுவதற்கு நான்கு மணி நேரம்
அஞ்சலை நிறுத்தவேண்டும்.
நான்கு மணி நேரம் கேட்டு எழுதினேன்:
கப்பல் வருகிறது என்றார்.
மறுபடி எழுதினேன்:
ஆண்டுக் கணக்கு, பிறகு கிறிஸ்துமஸ், பார்க்கலாம்.
மூன்றாவதில் 'தயவுசெய்து' என்பதைத்
தனி வரியாக வைத்தேன்.
பதில் இல்லை.

பதிவுகளை வரிவரியாகப் பிரித்த இரவில்
இது தெரிந்தது:
என் மூன்றாவது கடிதத்தை
இல்க்வார்ஸ் இன்னும் திறக்கவில்லை.
வந்தவன் திறந்திருக்கிறான்.
இரண்டு முறை.
படித்து முடித்து, 'படிக்காதது' என்று
திரும்பக் குறித்துவிட்டுப் போயிருக்கிறான்.
தலைப்பு இன்றும் தடித்த எழுத்தில்தான் நிற்கிறது.

மறுநாள் அவனே ஓட்டையை அடைத்திருக்கிறான்.
முழுத் திருத்தமில்லை,
அந்த ஒரு வழியை மட்டும் மறிக்கும் ஒரு விதி,
தன் பின்னால் இன்னொருவன் நுழைந்துவிடாதபடி.
சுத்தமான வேலை. குறை சொல்ல முடியாது.
நான்கு மணி நேரம் அவனுக்குத் தேவைப்படவில்லை.
யாரிடமும் கேட்கவும் இல்லை.
இந்தக் குளிர்காலத்தில்
என் கவலையைப் புரிந்துகொண்ட ஒரே ஆள்
அவன்தான் என்று தோன்றியபோது
எழுந்து போய் முகம் கழுவினேன்.

ரீகாவுக்கு எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்
அறிக்கை போகவேண்டும். என்னென்ன போனது?
கிரேன் பல்சக்கர விலைப்பட்டியல்.
சம்பளக் கணக்கு.
கணக்குப் பிரிவு ஜிட்ரா
தனக்குத்தானே அனுப்பி வைத்திருந்த
மார்பக ஸ்கேன்.
பிறகு இயக்குநரின் வரைவுப் பெட்டி:
அயர்லாந்தில் காளான் பண்ணையில் இருக்கும் மகனுக்கு
ஒன்பது தடவை ஆரம்பித்த ஒரே கடிதம்.
'குந்தார்ஸ், அன்றைக்கு நான் சொன்னது'
ஒன்பதும் அங்கேயே நிற்கிறது.
ஆறு வருடமாக அனுப்பாதது
ஒரே இரவில் போய்விட்டது,
யாருக்கென்று தெரியவில்லை.

காலையில் சர்வரை அணைத்தேன்.
விசிறி நின்றதும்
துடைப்ப அறைக் குழாய் சொட்டுவது
முதல்முறையாகக் கேட்டது.
இல்க்வார்ஸ் படியிறங்கி வந்தார்.
இந்த அறைக்கு அவர் வருவது இதுவே முதல் தடவை,
விளக்கு ஸ்விட்சைத் தவறான பக்கம் தேடினார்.

"வரைவுகளுமா?" என்றார்.
"வரைவுகளும்."

கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தார்.
நெடுநேரம் கழித்து,
"அவனுக்கு லாத்விய மொழி படிக்கத் தெரியுமா, சர்மீதே?"

தெரியாது என்றேன்.
கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.
சுற்றியதைப் பிரித்து
மறுபடி சுற்றினேன்.