மூன்றாம் மாடி, கலெக்டர் ஆபீஸ்

சத்துவாச்சாரியில் அந்த மாடிக்கு
பெயின்ட் அடித்தது நான்.
கூலி எண்ணூறு, டீ தனி.

பீரோவை நகர்த்தச் சொன்னார்கள்.
கனம்.
முப்பது வருஷத்து மனுக்கள்;
எங்கள் குடியுரிமைக் கடிதம்
அதில் எந்த மூட்டையிலோ.

கஜேந்தினி பிறந்தது பென்ட்லண்டில்.
"இன்னாப்பா" என்பாள்,
நான் "ஓம்" என்றால் சிரிப்பாள்.
சொந்த ஊர்க் கட்டத்தில்
டீச்சர் பென்சிலால் எழுதினார்: முகாம்.
பேனா வேண்டாமாம், பிறகு மாறலாமாம்.

கிளார்க் கேட்டார், எந்த ஊர்?
மேல்மொணவூர்.
"அட, பக்கம்தான்."
ஆமாம் என்றேன்,
வாய்வரை வந்த ஓமை விழுங்கிக்கொண்டு.

பீரோவுக்குப் பின்னால்
ஒரு கோட் போதும் என்றார்கள்.
இரண்டு அடித்தேன்.
சனிக்கிழமை மட்டும்
சீக்கிரம் விடச் சொல்லியிருக்கிறேன்,
முகாமில் தலை எண்ணுவார்கள்.