பதம்

அரிசிப்பாளையம், மாடி, எங்கள் லேப்.
ஆர்டர் சீட்டில் டாக்டர் கையெழுத்து
வழக்கம்போல் எறும்பு ஊர்வலம்.
பெயர் மட்டும் தெளிவு:
கா. சித்தேஸ்வரன், 71. மேலும் கீழும் முழு செட்.

கீழ் வீட்டுக்காரர்.
இந்தக் கட்டடமே அவருடையது.

போன வாரம் படியேறி வந்தார்
மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு.
எங்கள் மருந்து வாடை அவர் சோற்றில் இறங்குகிறதாம்.
"முப்பஹாம் ஹேஹிக்குள்ள காலி பண்ணிருங்க."
த வரவேண்டிய இடத்தில் வெறும் காற்று.
நாக்கு போய் முட்ட முன்பல் இல்லை.
ரெஹானா என்னைப் பார்த்தாள்.
சரியாக் கேக்கலைங்க, என்றேன்.
முழுப் பொய்யுமில்லை.

இன்று அவர் வாய் என் மேஜைமேல்
பித்தளைக் குடுவைக்குள், வெள்ளை மாவுக்கல்லில்.
வெந்நீரில் மெழுகு ஓடிவிட்டது.
மிச்சம், ஈறு இருக்கவேண்டிய பள்ளம்.

கிண்ணத்தில் மூன்று பங்கு தூள், ஒரு பங்கு திரவம்.
மூடிவைத்தால் முதலில் ஈர மணல்.
அப்புறம் நூல், கரண்டியைத் தூக்கினால் சிலந்தி வேலை.
அவசரக்காரர்கள் இங்கேதான் கைவைப்பார்கள்.
பிறகு ஒரு நேரம் வரும்,
கிண்ணத்தை விட்டுத் தானே விலகி,
பூரிக்குப் பிசைந்தது மாதிரி, ஒட்டாமல்.
அதுதான் பதம்.
விட்டால் ரப்பர்.

போன் அடித்தது. எடுக்கவில்லை.

தூளிலேயே சிவப்பு நூல் துணுக்குகள் உண்டு,
ரத்தம் ஓடுகிறதென்று நம்பவைக்க.
வீட்டுக்காரருக்கும் அது வேண்டுமே.

அழுத்தி, திறந்து, பிதுங்கியதை அரிந்து,
மறுபடி அழுத்தித் தொட்டியில் இறக்கும்போது
ஒரு யோசனை வந்தது, மறைப்பானேன்:
சட்டென்று கொதிக்கவிட்டால் போதும்.
தடித்த இடத்தில் உள்ளுக்குள் குமிழ் கட்டும்.
வெளியே தெரியாது.
என்றைக்காவது ஒரு கடலை உருண்டையில்
பட்டென்று.

வெப்பமுள்ளை எழுபத்துநாலில் நிறுத்தினேன்.
ஒன்பது மணி நேரம்.
கரண்டு போகக்கூடாதென்று
குகை மாரியம்மனிடம் ஒரு வார்த்தை.

காலையில் ஆறவிட்டு, உடைத்தெடுத்து,
பியூமிஸில் தேய்த்துத் தண்ணீரில் போட்டேன்.
டப்பாவுக்குள் அது சிரித்தது,
யாருடைய சிரிப்பென்று இன்னும் முடிவாகாமல்.

சூரமங்கலத்தில் ஒரு மாடி பார்த்திருக்கிறோம்.
அட்வான்ஸ்தான் உதைக்கிறது.

வியாழன் மாட்டிக்கொள்வார்.
ஒரு வாரம் உமிழ்நீரோடு மல்லுக்கட்டுவார்.
அப்புறம் படியேறி வந்து
நாக்கு நுனியை என் முன்பல்லில் முட்டி
சுத்தமாகச் சொல்வார்:
தேதி.