ஐந்தாவது சீட்டு

சனிக்கிழமை மூன்று மணிக்கு
ஜெராக்ஸ் கடையை ஓனர் கையில் ஒப்படைத்து
கெட்டுப்போன தாள்களைச் சுருட்டிக்கொண்டு
கரிமேட்டுச் சந்துக்குள் நுழைவேன்.
மீன் மார்க்கெட் கழுவிய தண்ணீர்
என் செருப்புக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும்.

சமுதாயக்கூடத்தில் நாலு பேர். என்னோடு ஐந்து.
ஒரு வாரம் ஒரு நாய்க்குட்டியும் வந்தது.
சொல்லிக்கொடுக்க வருகிறேன் என்றுதான்
நோட்டில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.
முதல் நாளே நாகஜோதி கேட்டுவிட்டாள்:
"பாடமா, விளையாட்டா?
பாடம்னா எனக்கு இப்பவே வயிறு வலிக்குது."

ஆகவே விளையாட்டு.
தாளைக் கிழித்து எழுதினேன்:
ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன்.
பின்பக்கம் யாருடையதோ வில்லங்கச் சான்று,
பாதி முகம் மட்டும் விழுந்த ஒரு ரேஷன் அட்டை.
குலுக்கிப் போட்டதும் நாலு கை பாயும்.
லிங்கேஸ் கடைசியாகத்தான் எடுப்பான்.
சட்டைக்குள் வைத்துப் பிரிப்பான்.
ராஜா வந்தாலும் சிரிக்கமாட்டான்,
மூச்சு விடுவான். அவ்வளவுதான்.

இரண்டாம் வாரம் ஒரு சீட்டு குறைந்தது.
மூன்றாம் வாரமும்.
"எனக்கு வரவே இல்ல" என்றான் லிங்கேஸ்.
குறைந்தது இரண்டு முறையும் திருடன்.
"எவன் எடுத்தது?" ஆசிக் எழுந்தே நின்றுவிட்டான்,
அன்றைக்கு அவன்தான் போலீஸ்.
"காத்துல போயிருக்கும்" என்றேன்.
அன்று மின்தடை. ஃபேன் அசையவில்லை.
லிங்கேஸ் என்னையே பார்த்தான்.
அவன் உதட்டோரம்
ஈரமாய் ஒரு துணுக்குத் தாள்.

மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போனதும் கேட்டேன்,
"பேனா மை கசக்குமா?"
யோசித்தான்.
"இல்லக்கா. லேசா உப்பு."
"தண்ணி வேணுமா?"
"ம்."

அடுத்த வாரம் எனக்கு முன்பே வந்திருந்தான்.
கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி
கோணல் மாணலாய் வெட்டிக்கொண்டே,
தாளைப் பார்த்தபடியே சொன்னான்:
"அக்கா, திருடன்னு எழுதாதீங்க."
"வேற என்ன எழுத?"
நாலு சீட்டு வெட்டும்வரை பதில் இல்லை.
புதுஜெயில் ரோட்டில் ஒரு பஸ்
ஹாரன் அடித்துத் திரும்பியது.
"ஊருக்குப் போனவர்னு எழுதுங்க.
எங்கம்மா அப்பிடித்தான் சொல்லும்."

எந்த ஊர் என்று
நாக்கு நுனி வரைக்கும் வந்ததை
நானும் விழுங்கினேன்.
"நீயே எழுதேன்" என்று பேனாவைக் கொடுத்தேன்.
"போனவர்ல ரெண்டு சுழியா, மூணு சுழியா?"
"ரெண்டு."
இந்த நாலு வாரத்தில்
நான் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்.

பிறகுதான் வந்தது பிரச்சினை.
"ஊருக்குப் போனவர போலீஸ் எதுக்குப் பிடிக்கணும்?"
ஆசிக் கேட்டது நியாயம்தான்.
அரைமணி நேரம் சண்டை.
யோகிதா அழுதாள், எதற்கென்று அவளுக்கே தெரியாது.
கடைசியில் நாகஜோதி தீர்ப்பு:
"பிடிக்க வேணாம். கண்டுபிடிச்சாப் போதும்.
கண்டுபிடிச்சா ரெண்டு பேருக்குமே பாயிண்ட்."
"எத்தன?"
"ஆயிரம்."
"அது ராஜாவோடது!"
"அப்ப ஆயிரத்தி ஒண்ணு."

ஒரு மாதம் கழித்து, மறுபடி மின்தடை நாள்.
அந்தச் சீட்டு எனக்கு வந்தது.
கோணல் எழுத்து. சுழி ரெண்டும் சரியாக இருந்தன.
லிங்கேஸ் போலீஸ்.
ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தான்.
ஆசிக் வேண்டுமென்றே முழித்தான்.
யோகிதா ராணி என்பது ஊருக்கே தெரியும்.
என்னிடம் வந்து நின்றான்.
முழங்கால் என் முழங்காலில் இடித்தது.
வாயைத் திறந்தான்.

கரண்ட் வந்துவிட்டது.
ஃபேன் ஒரு உலுக்கு உலுக்கிச் சுற்ற
ராஜா பறந்தார், மந்திரி பறந்தார்,
என் கையிலிருந்ததும் போய்விட்டது.
பெஞ்சுக்கடியில், வாசலில், வாளிக்குள்
நாலு பேரும் கத்திக்கொண்டு விழுந்தார்கள்.
எல்லாவற்றையும் பொறுக்கி வந்தவன் அவன்தான்.
ஒன்று நனைந்திருந்தது. சட்டையில் ஒற்றி எடுத்தான்.
தரையில் பரப்பி, விரல் வைத்து எண்ணினான்.

"அஞ்சும் இருக்குக்கா.
குலுக்கிப் போடுங்க."