மைதா சொன்னது

உச்சிப்புளி ரயில்வே கேட்டைத் தாண்டுகையில்
வண்டியின் வயிறு தண்டவாளத்தை முகர்ந்துவிட்டு வந்தது.
சத்தம் கேட்டு டயர்க் கடையிலிருந்து
தாவூது கனி எட்டிப் பார்த்தார்.
"இன்னும் எவ்வளவுதான் இறக்குவே?
நண்டாட்டம் நடக்குது."
நண்டுக்குக் கால் அகலம், அண்ணே,
அதைத்தான் நானும் கேட்டு வந்திருக்கேன்.

இருநூற்று இருபத்தைந்து.

ஆறு மாதமாக இந்த எண்
என் இறால் பண்ணைக் கணக்கு நோட்டின் ஓரத்தில்
தீவன மூட்டைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்திருக்கிறது.
ஸ்பிரிங்கை வெட்டாமல் முறையாக மாற்றி
நாற்பது மில்லி இறக்கிய பிறகு
பின்னாலிருந்து பார்த்தால்
அண்ணன் சட்டையைப் போட்ட தம்பி மாதிரி
சக்கரங்கள் உள்ளே ஒடுங்கித் தெரிகின்றன.
நூற்றுத் தொண்ணூற்றைந்து அகலத்தில்
ஒரு பந்தயக்காரி நிற்பாளா?

அவர் டேப்பை எடுக்கவில்லை.
எதிர்க் கடையில் மாவடித்துக்கொண்டிருந்த பையனிடம்
நாலு பரோட்டா உருண்டை வாங்கி வந்தார்.
நான் கேட்ட அகலத்தில் ஒரு பழைய டயரை
ஏழு அங்குல ரிம்மில் பூட்டி மாட்டினார்.
வளைவின் உள்மடிப்பில் மாவை அப்பினார்,
பின்சீட்டில் வாலிநோக்கம் உப்பு இரண்டு மூட்டை,
அதற்கு மேல் மச்சான் ஜெயினுலாபுதீன்.
"குதி."
"சாப்பிட்டு வந்திருக்கேன் மச்சான்."
"அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டது. குதி."

மாவு மெலிந்து, பிறகு கிழிந்து
நடுவே தகரம் பல்லைக் காட்டியது.

மடிப்பைத் தட்டி மடக்கலாமே என்றேன்.
மூலையில் சவுக்குக் கம்பு சாய்ந்திருந்தது,
வழுவழுப்பாக, அதற்கென்றே.
அவர் அதைத் தொடவில்லை.
"மடக்கினா பெயின்ட் மயிரிழை விடும்.
கோயம்புத்தூர்ல அது மயிரிழையாவே கிடக்கும்.
இங்க தையில கீறல்னா
ஆடிக் காத்துல விரல் போகும்,
அடுத்த தையில கையே போகும்.
உனக்கு டயர் வேணுமா, வளைவு வேணுமா?"

உப்பு மூட்டையை நான் பார்த்தேன்.
வண்டிக்கு வெளியே இருப்பதும் அதுதான்,
மூட்டை கட்டாமல்.

அப்புறம் அட்டையில் பேனாவால் கணக்கு.
ஆறு அங்குலம் ஏழானால்
பக்கத்துக்குப் பதின்மூன்று மில்லி கூடும்.
உள்ளே ஷாக் அப்சார்பருக்கு மிச்சம் பன்னிரண்டே.
அதனால் ஆஃப்செட் நாற்பத்தைந்து ஆகாது, முப்பத்தெட்டு.
உள்ளே ஆறு தள்ளும், வெளியே இருபது.
வெளியே இருபதென்றால் டயர் குண்டாக இருக்கக் கூடாது.
இருநூற்று ஐந்து, நாற்பத்தைந்து, பதினாறு.
பழைய உயரத்துக்கு ஒரு நூல் குறைவு,
மீட்டர் நூறு காட்டும்போது
நான் தொண்ணூற்றொன்பதில் போவேன்.
அந்தப் பொய் பரவாயில்லை.

இருபது எண் இறங்கியதில் கொஞ்சம் முகம் தொங்கியது.
புது மாவு அப்பி
ஜெயினுலாபுதீன் மறுபடி குதித்தார்.
கிழியவில்லை. நாலு மில்லி கனத்தில்
டயரின் கோடுகள் அச்சாக விழுந்திருந்தன.

மாலையில் பாம்பன் பாலம்.
ஒவ்வொரு இணைப்பிலும் டக், டக்,
காதை வலது பின்சக்கரத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினேன்.
கீழே விசைப்படகுகள் நின்றன, பார்க்கவில்லை.
ஏழாவதோ எட்டாவதோ இணைப்பில்
டக்குக்குப் பின்னால் ஒரு
ஸ்ஸ்ர்.

பாலத்தில் நிறுத்த முடியாது.
தங்கச்சிமடம் வரை அந்தச் சத்தத்தோடு
தாவூது கனியையும் அவர் அட்டையையும் திட்டிக்கொண்டே வந்தேன்.
ஓரங்கட்டி, குனிந்து, வளைவுக்குள் கையை விட்டால்
காய்ந்த மைதா.
அவர் சுரண்ட மறந்த ஒரு விரற்கடைத் துண்டு.

பிய்த்துப் போட்டேன்.
நான் நிமிர்வதற்குள் ஒரு காக்கை தூக்கிக்கொண்டது.
ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவே
சுண்டுவிரல் போகிறது, மோதிரவிரல் போகவில்லை.

முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால்
சாலையில் மணல் ஏறிக் கிடந்தது.
இரண்டு பக்கமும் கடல், நேர்கோடு, யாருமில்லை.
டயர் மணலைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்தது.
நான் ஐம்பதில் போனேன்,
மீட்டர் சொன்ன ஐம்பதில்.