முப்பத்தாறு மாதம்

வலங்கைமான் சங்கத்தில் உட்கார்ந்து
இருபத்தொன்பது சம்பாவுக்கு
ஊர்ப் பயிரையெல்லாம் காப்பீடு செய்த கை
நேற்று ராத்திரி
என் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தில்
பிறந்த தேதியை அடித்து எழுதிற்று.

அடுத்த ஜூன் கடைசியோடு சம்பளம் நிற்கும்.
பென்ஷன் கிடையாது.
முதலமைச்சர் அட்டைக்குப் போனேன்,
வருமானம் கூடுதல் என்றார் வி.ஏ.ஓ.
நான் வசதியானவள் என்று
அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சாப்பாட்டு மேஜையில் மூன்று காகிதங்கள்.
பறக்காமலிருக்க மேலே
அவருடைய சர்க்கரை பார்க்கும் கருவி.

முதல் கம்பெனி
அறை வாடகை மூவாயிரம் வரைக்கும் தரும்.
தஞ்சாவூரில் அந்தக் காசுக்கு
ஜன்னல் வைத்த அறை கிடைக்குமா, விசாரிக்கணும்.
இரண்டாவதில்
பில்லில் ஐந்தில் ஒரு பங்கு நம்முடையது.
இதற்கு எங்கள் பக்கம் வாரம் என்று பெயர்.
விளைச்சலைப் பங்கு போட்டுப் பார்த்திருக்கிறேன்,
இருமலைப் பங்கு போடுவது இதுதான் முதல் தடவை.
மூன்றாவதில் எல்லாம் உண்டு.
வருஷத்துக்கு அறுபத்தெட்டாயிரம்.
காகிதத்தை மடித்து வைத்துவிட்டு
மறுபடி பிரித்துப் பார்த்தேன்,
அதே அறுபத்தெட்டு.

பயிருக்கு இவ்வளவு கேள்வி இல்லை.
ஒரு வயலில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி
அறுத்து, தூற்றி, நிறுத்தால்
ஊர் முழுக்க அதுதான் கணக்கு.
மேலத்தெருவில் நாலு பேருக்கு இதயம் திடமாயிருக்கிறது,
ஆகவே உங்களுக்கு நஷ்டமில்லை என்று
உடம்புக்குச் சொல்ல முடியாது.
சொன்னாலும் சொல்வார்கள்.

ஏஜென்ட் இளம்வழுதி
என் பெரிய பையனைவிட இரண்டு வயசு சின்னவன்.
குரலைத் தாழ்த்திச் சொன்னான்:
"சாருக்குச் சுகர்னு எழுதாதீங்கக்கா,
யார் வந்து பாக்கப்போறா?"

சாரங்கனுடைய வயல் 114/3.
தை மழையில் கதிரோடு சாய்ந்து முளைத்துப் போனது.
கம்ப்யூட்டரில் இருந்தது 114/2.
மனு, மறுமனு, கலெக்டர் ஆபீஸ்.
பணம் கடைசிவரை வரவில்லை.
அந்த இரண்டை எழுதியது நான்.
இப்போதும் யூரியா வாங்க வருகிறான்,
"நல்லாருக்கீங்களாம்மா" என்கிறான்.
அந்தக் கேள்விக்கு
இதுவரை ஒரு தடவைகூட
முழுசாகப் பதில் சொன்னதில்லை.

'சர்க்கரை நோய்: ஆம்.
எத்தனை ஆண்டுகளாக: பதினொன்று.'
பேனாவை அழுத்தி எழுதினேன்,
அடுத்த பக்கத்திலும் தெரிகிற மாதிரி.

இளம்வழுதி போனில் பெருமூச்சு விட்டான்.
பிரீமியம் ஏறும்.
சர்க்கரையால் வரும் எதற்கும்
முப்பத்தாறு மாதம் காத்திருக்கணும்.
மூன்று சம்பா.
மேட்டூர் திறந்தால் மூன்று குறுவையும்.
சிறுநீரகமே, அதுவரை வாய்தா வாங்கிக்கொள்.

"அதுவரைக்கும்?" என்றார் அமிர்தகடேசன்
டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கிராஜுவிட்டியில் இரண்டு லட்சம் தனியே போடுகிறேன்,
அதைப் பையன் கல்யாணத்துக்கும் தொடமாட்டேன்.
"நீங்க நடங்க" என்றேன்.

இன்று காலை செருப்பைத் தேடியெடுத்து
குடமுருட்டிக் கரையோரம் போனார்.
முக்கால் மணி நேரம்.
நானும் கடிகாரத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.
திரும்பி வந்தவர் சட்டைப் பையில்
எண்ணெய் ஊறிய காகிதம்,
விரல் நுனியில் ஜாங்கிரிப் பிசுக்கு.

படிவத்தை எடுத்து
மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.
இதை எழுத
அதில் கட்டம் எதுவும் இல்லை.